தளபதி இளைத்துப்போனார்

இரவு விளக்கடியில் அவர் கைகள் கோட்டின் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தன. பாதியாக உடைத்த பிளேடு நூலை மட்டும் தேடிப் பிடித்து அறுத்தது. வெல்வெட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது. அதைத் தள்ளிவிடக் கை ஒழியாததால் தலையை நிமிர்த்தி, அதைத் தானாகப் பின்னால் சரியவிட்டார்.

பள்ளிக்கூட நாடகங்களுக்கு உடை வாடகைக்கு விடுகிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. பிள்ளைகளுக்கு அவர் வேஷ மாமா. உடைகளை உடையென்று சொல்லவே மாட்டார், ஆளாகத்தான் சொல்வார். “ராஜா சலவைக்குப் போயிருக்காரு. மந்திரிய எலி கடிச்சிருச்சு.” ஃபோனில் இதைக் கேட்டுப் புது டீச்சர்கள் பதறிப்போவதுண்டு.

ஒரு காலத்தில் வந்த பிள்ளைகளெல்லாம் குச்சி. முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துத் துணிக்கிளிப் போட்டால்தான் ராஜாவின் அங்கி தோளில் நிற்கும். மைதானத்திலிருந்து புழுதிக் காலோடு ஓடி வருவார்கள். அளவெடுத்து முடிப்பதற்குள் பாதிப் பேர் திரும்பவும் ஓடியிருப்பார்கள். வணிகர் வேடத்துக்கென்று தொப்பை ஒன்று தைத்திருந்தார். பஞ்சடைத்த திண்டு, இடுப்பில் கட்ட நாடா. அதைக் கட்டிக்கொள்ள அடிதடியே நடக்கும். கட்டியவன் வயிற்றில் மற்றவர்கள் தாளம் போடுவார்கள். திம் திம்மென்று தெருமுனை வரை கேட்கும்.

இப்போது அந்த மைதானத்தில் வண்டிகள் நிற்கின்றன. வேனிலிருந்து இறங்கும்போதே பிள்ளைகளின் கையில் பிரித்த பாக்கெட். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் டேப்பின் மேல் சிப்ஸ் தூள் கொட்டுகிறது. கிளிப்புகள் துணி காயப்போடும் கொடிக்குப் போய்விட்டன. தொப்பையைக் கேட்பாரில்லை, அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது.

ஆனாலும் ‘குண்டு’ என்ற சொல்லை எந்தப் பிள்ளையிடமும் அவர் எடுத்ததில்லை. பட்டன் எட்டாவிட்டால் குற்றம் கோட்டின் மேல்தான்.

அன்று மாலை அம்மாவோடு வந்த சிறுமியிடமும் அப்படித்தான் சொன்னார். கணீரென்ற குரலுக்காக டீச்சர் அவளைத் தளபதியாகப் போட்டிருந்தார். வயிற்றை எக்கி, மூச்சை அடக்கிப் பார்த்தாள். பட்டனும் காஜாவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றனவே தவிர, சேரவில்லை.

“தளபதி ரொம்ப இளைச்சுட்டாரும்மா. பீரோவுலயே கெடக்குறாருல்ல, சாப்பாடு சரியில்ல.”

அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு ஒத்திகைக்குள்ள இது சேரலன்னா வேற பொண்ணு தளபதியாம். நான் வணிகராம். ‘உனக்குத் தொப்பை கட்டவே வேணாம்’னு எல்லாரும் சிரிக்கிறாங்க, மாமா.”

“நான் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள ஃபோன்ல ஆர்டர் பண்ணி சாப்பிட்டுடறா. அப்புறம் நான் யாருக்குச் சமைக்கிறது?” என்று அம்மா ஆரம்பித்தார்.

“அதுல பாதிய நீதானே சாப்பிடுற?”

“சண்டைய வீட்ல போய் வச்சுக்குங்க,” என்றார் வேஷ மாமா. “தளபதி ராத்திரி இங்கயே இருக்கட்டும். காலைல வாங்க.”

சொல்லிவிட்டாரே தவிர, இரண்டு பக்கமும் பட்டை வைத்துத் தைக்கத் துணி வேண்டுமே! அந்தக் கருஞ்சிவப்பு இப்போது எந்தக் கடையிலும் வருவதில்லை.

“கறுப்புல ஒட்டுப் போட்டுடுங்களேன்,” என்றார் மனைவி.

“போட்டா கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியும். அப்புறம் அந்தப் பொண்ணு வாயத் தெறப்பாளா?”

தையலைப் பிரித்து முடித்தவர் அலமாரியின் முன் குந்தினார். தொப்பையை வெளியே எடுத்தார். இந்தக் கோட்டைத் தைத்தபோது மிஞ்சிய துணியில்தான் அதற்கு உறை போட்டிருந்தார்.

“ஐயோ, அதையா? எத்தனை புள்ளைங்க கட்டிக்கிட்டு ஆடுன தொப்பைங்க அது!”

அவர் அதை மடியில் வைத்து விரல்களால் இரண்டு தட்டுத் தட்டினார். திம் திம். சத்தம் அப்படியேதான் இருந்தது. பிறகு பிளேடை எடுத்தார்.

காலையில் சிறுமி வந்தபோது, உறையில்லாத பஞ்சுத் திண்டு மேசைமேல் வெளுத்துக் கிடந்தது.

“தொப்பைக்கு என்ன ஆச்சு, மாமா?”

“அது இளைச்சுப் போச்சு. தளபதிக்கு ஒடம்பு வந்துருச்சு.”

எப்போதும் மடித்துப் பையில் போட்டுத்தான் கொடுப்பார். அன்று கோட்டை உதறி, அவள் முதுகுப் பக்கம் போய், இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தார். அவள் பழக்கத்தில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாள்.

“மூச்ச விடும்மா. விட்டாத்தான் போடுவேன்.”

அவள் மூச்சு விடும் வரை கோட்டைப் பிடித்தபடியே காத்திருந்து, பிறகு மெதுவாக அவள் தோளில் இறக்கினார்.