மூடியில் வைத்த செந்தூரம்

செஞ்சி பக்கம் அனந்தபுரத்துக்கு அப்பால் இருக்கும் அந்த ஏரியில் இளவரசன் முதன்முதலாகத் தண்ணீர் மொள்ளப் போன அன்று, தெர்மாகோல் மிதவையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பெண் வலை எடுத்துக்கொண்டிருந்தார். இவன் கையுறை மாட்டிக்கொண்டு பாட்டில் பாட்டிலாக நிரப்புவதை வெகுநேரம் பார்த்துவிட்டு, அங்கிருந்தே கேட்டார்.

“இன்னா தம்பி, ஏரிக்கு ரத்த டெஸ்டா?”

அவர் பெயர் சவரியம்மாள். ஐம்பத்தாறு வயது. கணவர் தோமினிக் இறந்ததும் அவருடைய வலையையும் மிதவையையும் தானே கையில் எடுத்தவர். விடியலில் பிடிக்கும் ஜிலேபி மீனையும் கெண்டையையும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கூடையில் வைத்து, பத்து மணிக்குள் விற்றுவிட்டு எழுந்துவிடுவார். இருபது வருஷமாக இன்னொருத்தருக்குக் கீழே வேலை செய்ததில்லை. அதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்.

இளவரசன் தன் வீட்டின் முதல் பட்டதாரி, இப்போது ஆராய்ச்சி மாணவன். அவனிடம் கைக்கு அடக்கமான ஒரு கருவி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள் பூசிய பட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மின்சாரம் செலுத்தினால், துளி பாதரசம் இருந்தாலும் திரையில் கோடு மேடாக எழும்பும். ஆறு மாதமாக அந்த ஏரிக்குக் கோடு படுத்தே கிடந்தது.

ஆயுத பூஜை வந்தது. அவன் வீட்டில் நைனாவின் மண்வெட்டிக்குப் பக்கத்தில் அம்மா ஆண்டாள் அவன் பாட்டில்களையும் வரிசையாக அடுக்கினாள். படித்த பிள்ளையின் சாமான் பொட்டில்லாமல் இருக்கலாமா என்று ஒவ்வொரு மூடியிலும் செந்தூரம் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. போட்டோகூட எடுத்துக்கொண்டான். மறுவாரம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அதே பாட்டில்களை ஏரிக்கு எடுத்துப்போனான்.

அன்று கோடு எழும்பியது. கல்லூரிக்குப் போய் இன்னொரு முறை பார்க்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வெற்றிவேல் டீக்கடையில், தண்ணீரில் பாதரசம் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சவரியம்மாளின் கூடையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மீனையெல்லாம் கரையில் கொட்டினார். நாய்கள் தின்றன.

ஆய்வுக்கூடத்தில் அதே பாட்டிலில் சுத்தமான நீரை ஊற்றிப் பார்த்தபோதும் கோடு எழும்பியது. மூடியின் திருகு மரைக்குள் செந்தூரம் ஒட்டியிருந்தது. தண்ணீர் கெடாமலிருக்கப் பாட்டிலில் ஊற்றும் அமிலம் அதைக் கரைத்திருந்தது. பாதரசம் ஏரியில் இல்லை, அது கலந்து செய்த செந்தூரத்தில்தான். புதுப் பாட்டிலில் எடுத்த ஏரித் தண்ணீருக்குக் கோடு பழையபடி படுத்துக்கொண்டது.

பஸ் பிடித்து நேரே சவரியம்மாள் வீட்டுக்குப் போய், தன் தப்பை ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் கோபப்படவில்லை. வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்தபடி கேட்டார்.

“அன்னிக்கு எங்க சொன்ன?”

“டீக்கடையிலக்கா.”

“அங்கயே போய்ச் சொல்லு.”

போனான். பாட்டில், மூடி, செந்தூரம் என்று எல்லாவற்றையும் விளக்கினான். வெற்றிவேல் டீ ஆற்றிக்கொண்டே கேட்டான்.

“அன்னிக்கு இருக்குதுன்ன. இன்னிக்கு இல்லைங்கற. எதுக்குப்பா வம்பு, கோழி வாங்கிக்கறோம்.”

அதற்குப் பிறகு மாதாமாதம் பரிசோதித்து, கடைச் சுவரில் முடிவை ஒட்டி வருகிறான். டீ குடிக்கிறவர்கள் அதன்மேல் கை துடைக்கிறார்கள்.

சவரியம்மாள் இப்போது செஞ்சியில் ஒரு மீன்கடையில் கூலிக்கு மீன் வெட்டுகிறார். மிதவை ஏரிக்கரையில் கவிழ்ந்து கிடக்கிறது.