தலையில்லாத மாடு

கெனெயில்வே வாயைத் திறந்தால் தாபெங் கிராமத்தில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள். மீதிப் பேர், திட்டு அடுத்தவனுக்குத்தான் என்ற நம்பிக்கையில் கிட்டே வந்து கேட்பார்கள். பிளாட்டினச் சுரங்கத்தின் வாசலில், வேலிக்கு வெளியே, நாலு தகரத்தை நிறுத்திக் கடை வைத்திருந்தாள். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான மக்வின்யா, சோளக்களி, கோழிக்கால் கிடைக்கும். பாறை துளைக்கும் ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் முதலில் அங்கேதான் போய் நிற்பார்கள்.

அவள் புருஷனும் பாறை துளைத்தவன்தான். நெஞ்சு முழுக்கத் தூசியைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். கம்பெனி ஒரு போர்வையும் ஒரு மலர்வளையமும் அனுப்பியது. போர்வையை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். மலர்வளையத்தை ஆடு தின்றது. மூத்த பெண்ணை ஆளாக்கியது அந்தத் தகரக் கொட்டகைதான். சின்னவளின் நர்சிங் படிப்பும் அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படியிருக்கக் கம்பெனிக்கு இரண்டாவது குழி தோண்ட ஆசை வந்தது. குழி ஆழமாக ஆழமாக ஊர்மேல் பாசமும் ஆழமாகும் போலிருக்கிறது. 'சமூக மேம்பாடு' என்று பலகை மாட்டி ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதில் அதிகாரியாக உட்கார்ந்தவன் ஒபக்கெங், கெனெயில்வேயின் அண்ணன் மகன். சின்ன வயதில் அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டதே அவள்தான். நாற்காலி கிடைத்த பிறகு அந்த மூக்கு கொஞ்சம் மேலே பார்க்க ஆரம்பித்திருந்தது.

ஊர்ப் பெண்களுக்குத் திறன் வளர்க்கப் போவதாகச் சொல்லி, இருபது வருஷம் ஊருக்கே பொங்கிப் போட்டவளைச் சமையல் பயிற்சியில் சேர்த்தார்கள். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். விறகைத் தொட்டே பார்த்திராத விரல்கள் அவளுக்கு. இறைச்சி, அனுமதி பெற்ற கூடத்திலிருந்து பெட்டியில்தான் வர வேண்டும். உயிருள்ள பிராணி வளாகத்துக்குள் நுழையக் கூடாது. திறந்த நெருப்பு ஆகாது. கையுறை இல்லாமல் எதையும் தொடக் கூடாது. கெனெயில்வே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசி நாளில் வெள்ளைத் தொப்பி, சர்டிபிகேட், கைதட்டல், ஃபோட்டோ.

ஃபோட்டோவில் மை காய்வதற்குள் அடுத்த சேதி வந்தது. லாரி ரோடு போட வேண்டுமாம், வாசல் கடை எடுக்கப்படுமாம். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் அத்தையையே கடித்துவிட்டான் பையன். அவள் கத்த ஆரம்பிப்பதற்குள் அவனே ஒரு வழியும் சொன்னான். புதுக் குழியின் திறப்பு விருந்தை அவள் நன்றாக நடத்திக் கொடுத்தால், உள்ளே வரப்போகும் கேன்டீன் அவளுக்குத்தான். நடத்தாவிட்டால் கேன்டீனும் இல்லை, கடையும் இல்லை. அவள் கத்தவில்லை. சின்னவளின் படிப்பு வாயை அடைத்துவிட்டது.

விருந்து என்றால் வெறும் சாப்பாடு அல்ல. பழைய குழியில் கூரை சரிந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். முன்னோரிடம் சொல்லாமல் புதுக் குழிக்குள் இறங்க மாட்டோம் என்று துளைப்பவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். சொல்வதற்கு ஒரு காளை வேண்டும். அது தன் காலில் நடந்து வர வேண்டும், வெட்டுப்படும்போது குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல்தான் கீழே இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும். தலை ஊர் மன்றத்துப் பெரியவர்களுக்கு, குடல் பெண்களுக்கு என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஆள் உண்டு. தாபெங்கில் இது குழந்தைக்கும் தெரியும்.

ஒபக்கெங்குக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் மேலதிகாரி முன்னால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டான். அவள் அவன் அறைக்கே போய், காளையை உள்ளே ஓட்டிவர அனுமதி வாங்கித் தரும்படி மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அத்தை, சர்டிபிகேட் வாங்கினீங்கல்ல? அதுல என்ன சொல்லிக் குடுத்தாங்களோ அதைச் செய்யுங்க. பழைய பழக்கத்தையெல்லாம் கேட்டுக்கு வெளியவே விட்டுட்டு வாங்க."

"சரிப்பா," என்றாள் அவள்.

கெனெயில்வே ஒரே வார்த்தையில் சரி என்றால் புத்தியுள்ளவன் பயப்படுவான். இவனிடம் பதவி மட்டும்தான் இருந்தது. அவள் வழியெல்லாம் யோசித்தாள். இரவோடு இரவாக ஒரு காளையைப் பின்பக்கமாக ஓட்டிவந்து இவன் மானத்தைக் காப்பாற்றலாம், கேன்டீனும் கிடைக்கும். ஆனால் வயிறு எரிந்தது. படிப்பித்தவர்கள் படிப்பித்ததையே தின்னட்டும் என்று முடிவு செய்தாள். முடிவு செய்த கையோடு, அனுமதி பெற்ற கூடத்துக்குப் பெட்டி இறைச்சி சொல்லி அனுப்பினாள்.

திறப்புக்கு முந்தின நாளே, ரோடு வரப்போகிறது என்று வாசல் கடையின் தகரங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். திறப்பு நாளில் வெள்ளைப் பந்தல், வெள்ளை நாற்காலிகள். பெரிய மேனேஜர் தலையில் ஹெல்மெட்டும் தோளில் ஊர்க்காரர்கள் போர்த்தும் போர்வையுமாக வந்து உட்கார்ந்தார். குளிர்பெட்டி லாரி பின்பக்கமாக வந்து நின்று அட்டைப் பெட்டிகளை இறக்கியது. மன்றத்துப் பெரியவர் மொட்சுமி தடியை ஊன்றிக்கொண்டு பெட்டி பெட்டியாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் சதுரம் சதுரமாக, பிளாஸ்டிக் சுற்றி, சீட்டு ஒட்டியிருந்தது.

"தலை எங்க?" என்றார்.

இது சுத்தமான, டாக்டர் பார்த்த இறைச்சி என்று ஒபக்கெங் விளக்க ஆரம்பித்தான்.

"தலையோட வந்தாத்தான்டா மாடு. இது வெறும் கறி. கறிய உன் பொண்டாட்டிகிட்ட குடு, குழம்பு வைப்பா. செத்தவங்ககிட்ட என்னன்னு சொல்றது, தள்ளுபடில கிடைச்சுதுன்னா?"

பின்னால் நின்ற துளைப்பவர்களில் ஒருவன், இது கத்தியதை யாராவது கேட்டீர்களா என்றான். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜரின் முகம் சிவந்தது. இது யார் செய்த வேலை என்று கேட்டார். ஒபக்கெங் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சொந்த அத்தையைக் கை காட்டினான்.

கெனெயில்வே வெள்ளைத் தொப்பியோடு முன்னால் வந்தாள்.

"நீங்க சொல்லிக் குடுத்தபடிதான் செஞ்சேன் ஐயா. பாருங்க, கையுறைகூடப் போட்டிருக்கேன்."

எங்கேயாவது ஒரு காளையைப் பிடித்து வாருங்கள் என்று மேனேஜர் கத்தினார். காளை வந்தது. ஆனால் உயிருள்ள பிராணி உள்ளே வரக் கூடாது என்று பாதுகாப்பு அதிகாரி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கம்பெனியின் விதி கம்பெனியையே கட்டிப்போட்டது. வேறு எங்கே வெட்டுவது என்று பெரியவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கல், இன்னொரு பக்கம் முள்.

"என் கடை இருந்த இடம் சும்மாதான் கெடக்கு. அங்க எந்த விதியும் இல்ல," என்றாள் கெனெயில்வே.

தகரம் பிடுங்கிய அந்த மண்ணில்தான் காளை விழுந்தது. ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு விழுந்தது. தலை கொம்போடு மொட்சுமி வீட்டு முற்றத்துக்குப் போயிற்று. ஆட்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் குழிக்குள் இறங்கினார்கள்.

கேன்டீன் ஜோஹன்னஸ்பர்க் கம்பெனிக்குப் போனது. சூழ்நிலைக்கேற்ப நடந்துகொள்ளும் திறன் அவளிடம் போதவில்லையாம். ஒபக்கெங் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சின்னவளை நினைத்து அழுதாள். அழுது முடித்ததும் தகரங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் அதே இடத்தில் திரும்ப நிறுத்தினாள்.

ரோடு போட வந்த இயந்திரக்காரன் உள்ளூர் ஆள். இடத்தைப் பார்த்ததும் இறங்கி ஓரமாக நின்றுவிட்டான். காளையின் ரத்தம் விழுந்த மண், தோண்ட மாட்டேன் என்றான். யாராவது தோண்டினால் அன்றே மேலே ஏறிவிடுவோம், அப்புறம் இறங்க மாட்டோம் என்று துளைப்பவர்களும் சொல்லி அனுப்பினார்கள். ஒபக்கெங் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான்.

"அத்தை, ஒரு பத்தடி தள்ளிப் போட்டுக்கோங்களேன். எனக்காக."

அவள் எண்ணெயில் மக்வின்யாவைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"எனக்கு என்னடா, தள்ளிக்கிறேன். ஆனா இது இப்ப என் இடம் இல்ல, மாட்டோட இடம். அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

"மாட்டுகிட்ட எப்படிக் கேக்கறது?"

"தலை மொட்சுமி ஐயா முற்றத்துலதான இருக்கு. போய் அதுகிட்ட நீங்க குடுத்த சர்டிபிகேட்டைக் காட்டு."

வரிசையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். ஒபக்கெங் மொட்சுமி வீட்டுப் பக்கம் போகவே இல்லை. லாரி ரோடு இப்போது அவள் கடையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.