மேடைக்குப் போன முடி

மகள் மோட்டார் சைக்கிள் சாவியைக் கேட்காத வாரம் கிடையாது. நான் கொடுத்ததும் கிடையாது.

"முருகனுக்கு நேர்ந்துகிட்டது பாக்கி இருக்கு. அது முடியட்டும்" என்பேன்.

"அது ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிருச்சுப்பா" என்பாள்.

இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இதே பேச்சு. சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கும். சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொள்வேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு காலையில் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று அவளை இடித்துத் தள்ளிவிட்டது. தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் எனக்கு போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் தலையில் அறுவை சிகிச்சை செய்ய உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நடைவழியில் நின்று இரண்டு கையையும் தலைமேல் குவித்தேன். கை வழுக்கையில் பட்டது. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே என் தலை இப்படி ஆகிவிட்டது. கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. "முருகா, இவளை எழுப்பிக் கொடு, இவ முடியை உனக்கு இறக்கிடுறேன்" என்று வேண்டிக்கொண்டேன். அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி.

எழுந்துவிட்டாள். ஆனால் வெளியே வந்தபோது தலையில் கட்டு மட்டும்தான் இருந்தது. முழுக்க மழித்துவிட்டுத்தான் அறுத்திருக்கிறார்கள். நான் வேண்டிக்கொண்ட நேரத்தில் அந்த முடி தலையில் இருந்ததா, ஏற்கெனவே போய்விட்டதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அங்கே வேலை பார்த்த மலாய்க்காரப் பெண்ணிடம் முடி எங்கே என்று கேட்டேன். "சூடா புவாங், பாக்சிக்" என்றாள். வீசியாகிவிட்டதாம். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மகளுக்கு அது போதும். குப்பைக்குப் போனாலும் போனது போனதுதான் என்கிறாள். எனக்குப் போதவில்லை. ஆஸ்பத்திரி எடுத்தது ஆஸ்பத்திரியின் கணக்கு. புதிதாக வளர்ந்த முடி தோளைத் தொட்டபோது அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அடுத்தவர் பொருளைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் போகிறாளே என்று தோன்றும். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு ஜொகூர் பாருவிலேயே ஒரு ஆபீசில் சேர்ந்திருந்தாள். கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நான்தான். ஷிப்ட் ஒத்துவராத நாளில் கிராப் டாக்சி வரும். ஏறியதும் ஒரு மெசேஜ், இறங்கியதும் ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும்.

"நீங்க உங்க தலையத் தடவிப் பாத்துட்டுத்தானே அவ முடிய நேர்ந்துகிட்டீங்க" என்று மனைவி குத்திக்காட்டுவாள். "ஏன், எனக்கு முடி இல்லையா? என்னுதக் கேட்டிருக்கலாமே."

அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

போன வருடக் கடைசியில் ஜொகூர் பாருவில் ஓப்பரா விழா ஒன்று நடத்தப்போவதாகச் சொல்லி, கூட்டமாகப் பாடுவதற்கு உள்ளூரில் ஆள் தேடினார்கள். வசனமே இல்லாமல் முழுக்கப் பாட்டாகவே நடிக்கிற வெள்ளைக்கார நாடகம். மகள் பல்கலைக்கழகத்தில் பாடியவள். போய்ப் பாடிக் காட்டினாள், எடுத்துக்கொண்டார்கள். அந்த முறை விழா முழுக்கப் புராணங்களும் பழங்கதைகளும்தான். செத்த மனைவியைத் தேடிப் பாதாளத்துக்குப் போகிறவன் கதை ஒன்று, பறவையாக மாறிய பெண்ணின் கதை ஒன்று. அவள் பாடப்போகும் கதையை, ஒத்திகைக்குக் கூட்டிப்போன ஒரு சாயங்காலம் காரில் சொன்னாள்.

"ஒரு ராஜா கப்பல்ல வர்றாருப்பா. பெரிய புயல். கடல் சாமிகிட்ட வேண்டிக்கிறாரு. என்னைக் காப்பாத்து, கரையில முதல்ல யாரைப் பாக்குறேனோ அவங்கள உனக்குப் பலி குடுத்துடுறேன்னு."

"சரி."

"கரையில வந்து நிக்கிறது அவரோட சொந்தப் பிள்ளை."

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"அப்பா, பச்சை விழுந்து எவ்ளோ நேரம் ஆச்சு. எடுங்க."

காட்சிக்கு முந்தைய வாரம், சாப்பிடும்போது அவளே பேச்சை ஆரம்பித்தாள். கடைசி அங்கத்தில் ஊர் மக்கள் துக்கத்தில் மொட்டைத் தலையோடு வருவார்களாம். எல்லோருக்கும் ரப்பர் தொப்பி மாட்டுவார்கள், நிஜமாகவே எடுக்க யாருக்காவது விருப்பமா என்று இயக்குநர் கேட்டாராம்.

"நான் கை தூக்கிட்டேன்" என்றாள்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. "சாமிக்குக் கேட்டா கிடையாது, கூத்துக்குக் கேட்டா உண்டா?"

"கத்தாதீங்கப்பா. வெள்ளிக்கிழமை கோயில்ல எடுத்துக்கலாம். உங்களுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு."

"ரெண்டும் ஒண்ணாம்மா?"

"முருகனா கேட்டாரு? நீங்களா குடுத்தீங்க. அதுவும் என் தலைய."

மனைவி ரசத்தை என் பக்கம் தள்ளினாள். "வர்றத வாங்கிக்கச் சொல்லுங்க முருகன. முடி முடிதான்."

வெள்ளிக்கிழமை போனோம். நாவிதர் கத்திக்குப் பிளேடு மாற்றிவிட்டு, "என்ன வேண்டுதல் தங்கச்சி?" என்று கேட்டார். "அப்பாவக் கேளுங்கண்ணே" என்றாள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரமுடி கொத்துக்கொத்தாக விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது சந்தனம் பூசியாகிவிட்டது. மனம் லேசாகும் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். ஆகவில்லை. திரும்பி வரும்போது முன்னால் போன லாரியை முந்தாமல், அதன் புகையிலேயே வீடு வரைக்கும் ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. மேடைக்கு மேலே பாட்டின் அர்த்தம் மலாயில் ஓடிக்கொண்டிருந்தது. ராஜா வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொல்ல முடியாமல் மேடை முழுக்க அலைந்தார். பிள்ளை கிட்டே வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னால் உட்கார முடியவில்லை. "கால ஆட்டாதீங்க, சீட்டு ஆடுது" என்று மனைவி தொடையில் கிள்ளினாள்.

கடைசியில் ஊர் மக்கள் வந்தார்கள். ரப்பர் தொப்பிகளெல்லாம் விளக்கில் மினுங்கின. ஒரு தலை மட்டும் மினுங்கவில்லை. காதுக்கு மேலிருந்து உச்சி வரைக்கும் வளைந்து ஏறிய தழும்பு. அதை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. முதலில் கட்டு இருந்தது, பிறகு துணி, பிறகு முடி, வெள்ளிக்கிழமை சந்தனம், சனிக்கிழமை முழுக்க அவள் ஒத்திகையில். இவ்வளவு நீளம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் அதை மறைக்காமல், அந்தப் பக்கத்தையே எங்களுக்குக் காட்டிக்கொண்டு வாயைத் திறந்து பாடினாள்.

பக்கத்தில் இருந்த சீன அங்கிள் என் பக்கம் சாய்ந்தார். "மேக்கப் பாகுஸ், லா." தழும்பு மேக்கப்பாம், நன்றாக இருக்கிறதாம்.

அனாக் சாயா, என் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

கதையில் கடல் சாமி பலி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ராஜா கிரீடத்தைக் கழற்றிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த ஓரத்தில் நின்றவரைத் தவிர வேறு யாரையும் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மகள் என் முன்னால் கையை நீட்டினாள்.

"முடிஞ்சிருச்சுல்ல? சாவி."

சொல்ல என்னிடம் வேறு காரணம் இல்லை. முருகன் பெயரைச் சொல்லி இத்தனை நாள் ஓட்டியாகிவிட்டது. இப்போது பயம் மட்டும் மிச்சம், அது முழுக்க என்னுடையது. சாவியை எடுத்துக் கொடுத்தேன். என் சூடு ஏறியிருந்தது அதில்.

ஹெல்மெட்டை மாட்டினாள். மொட்டைத் தலையில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"ஆடுது" என்றேன்.

"முடி வளந்தா சரியாயிரும்."

"அப்ப வளந்ததும் ஓட்டு."

"அலமாக், அப்பா!"

"சரி, சரி. கடைக்குப் போயி சின்ன சைஸ் ஒண்ணு வாங்குவோம். கார எடுக்கிறேன்."

அவள் அதற்குள் மோட்டாரை உயிர்ப்பித்துவிட்டாள். "கார் வேணாம். பின்னால ஏறுங்க."

மனைவி வாசலில் வந்து நின்று சிரித்தாள். வீட்டில் இருந்த இன்னொரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். அவள் தலையில் ஆடும் ஹெல்மெட்டை ஒரு கையால் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"கைய எடுங்கப்பா, கழுத்து வலிக்குது."

சாலை முனை வரைக்கும் நான் எடுக்கவில்லை. அங்கே பாக்டரி பஸ் ஒன்று திரும்பியது. அவள் பிரேக் போட்டு, பார்த்து, வழிவிட்டு, பிறகுதான் வண்டியை எடுத்தாள். அதற்குப் பிறகு கையைக் கீழே இறக்கி அவள் தோளில் வைத்துக்கொண்டேன்.