மாதிரிப் பள்ளிப் பிள்ளை

அந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்கென்றே கட்டிய மாதிரிப் பள்ளி. கல்வித் துறைக்குப் பின்னால் இரண்டே அறையில் தொடங்கி, மாடி எழுப்பி, ஊரே இடம் கேட்டு முட்டி மோதிய காலமும் அதற்கு உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் பின்சுவரை ஒட்டி ஒரு நீள பெஞ்சு. பேராசிரியர்கள் அதில் உட்கார்ந்து, முன்னால் வெடவெடத்து நிற்கும் புதுசுகளுக்கு மார்க் போடுவார்கள்.

நம்ம மூன்றாம் வகுப்பு டீச்சர் அங்கேயே படித்து, அங்கேயே பயிற்சி எடுத்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தவள். மகளும் அவள் வகுப்பில்தான். "பாடம் நடத்துனா இப்படி நடத்தணும்" என்று பேராசிரியர்கள் புதுசுகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கர்வம். இருக்காதா பின்னே?

அந்தப் பள்ளியைத்தான் மூடப்போகிறார்களாம். பயிற்சிக்கு இனி வெளிப் பள்ளிகளே போதுமாம். வேலை கிடக்கட்டும், துறையில் எங்காவது ஒரு நாற்காலி போடுவார்கள். மகளுக்குப் பள்ளி வேண்டுமே! பக்கத்திலிருந்த பள்ளியில் ஒரே ஒரு இடம்தான் காலி. இதை விட்டால் வேறு வழியில்லை.

மகளுக்கு நேர்காணல் அன்று வெளியே தெம்பாகத்தான் உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை உள்ளே கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். பிள்ளைக்குக் கூட்டலே வரலையே. ஏழும் அஞ்சும் எத்தனைன்னா பத்துங்குறா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கிற பிள்ளையா இது?

"ஏன்டி இப்படி மானத்த வாங்குற?"

மகள் திருதிருவென்று விழித்தாள். "பின்னாடி ரெண்டு பேர் உக்காந்து எழுதுறாங்களேம்மா. அதான் முதல்ல தப்பாச் சொன்னேன். 'யோசிச்சுச் சொல்லு'ன்னு இவங்க கேக்கவே இல்ல."

"யாருடி உனக்கு இதச் சொல்லிக் குடுத்தா?"

"பெரிய கிளாஸ் அக்காங்க. எப்பவுமே அப்படித்தானாம். நாங்க உடனே சரியாச் சொல்லிட்டா, தப்பத் திருத்திக் காட்டலன்னு புது டீச்சருங்களுக்கு மார்க் குறைச்சிடுறாங்க. அவங்க வராண்டாவுல நின்னு அழுறாங்க. பாவம்மா."

டீச்சர் தலைமையாசிரியையிடம் திரும்பினாள். "மேடம், ஒரே ஒரு தடவை அவ சொல்ற மாதிரி கேட்டுப் பாருங்களேன்" என்று கெஞ்சினாள்.

"யோசிச்சுச் சொல்லும்மா" என்றதுதான் தாமதம், கேட்ட கணக்குக்கெல்லாம் மளமளவென்று விடை வந்து விழுந்தது. இடம் கிடைத்துவிட்டது.

இருவரும் தெருவுக்கு வந்தார்கள். கேட்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"என் கிளாஸ்லயுமாடி?"

"பேராசிரியருங்க வந்து உக்காந்தா மட்டும்தாம்மா" என்றாள் மகள். "நீ ரொம்ப அழுவேன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன்."