மாவுக்கட்டுப் போட்ட கார்

என்னுடையது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேற்கூரை மடங்குகிற, பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் சின்ன யூனிட் வைத்திருப்பவனுக்கு இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவரைப் பக்கத்தில் ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவேன்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தபோது அவள் ஒரே ஒரு ஆசையைச் சொன்னாள். பெண்ணழைப்பன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்குத் தாய்மாமன் காரில்தான் போவாளாம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கார் சத்தம் போட ஆரம்பித்தது. ஸ்டார்ட் செய்தால் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று வெடித்தது. தெருநாய்கள் எழுந்து இடம் மாறின.

பெண்ணழைப்புக்கு முந்தின நாள் அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் வாய் ஊரறிந்தது.

"ஏலே, இந்த வெடிவண்டியில எம் மகளை ஏத்துனா சம்மந்தி வீட்ல என்ன நினைப்பாக? நாளைக்குள்ள சத்தம் நிக்கலைன்னா அவ சித்தப்பா கார்ல போவா. அம்புட்டுதான்."

சித்தப்பாவின் கார் வெள்ளை நிறம், ஏசி வைத்தது, வந்து நிற்பதே தெரியாது. அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தக் காரைத்தான் கண்டால் ஆகாது.

பின்னால் சைலன்சரில்தான் ஓட்டை என்று நானே முடிவு கட்டினேன். பேண்டேஜ் துணிக்குப் பேர்போன எங்கள் ஊர்க்காரன் புத்தி எங்கே போகும்? எது உடைந்தாலும் கட்டுப் போடுவோம். தண்ணீர்க் குழாய்க்கும் நாற்காலிக் காலுக்கும் போட்டுப் பழகிய கை. யூனிட்டிலிருந்து மாவுக்கட்டுச் சுருளை எடுத்து வந்து நனைத்து, காருக்கு அடியில் படுத்து, சைலன்சரைச் சுற்றி அழகாகக் கட்டினேன். காய்ந்ததும் சத்தம் குறைந்த மாதிரிதான் இருந்தது. சோதித்துப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டினேன். கோர்ட்டைத் தாண்டும்போது மாவு சூட்டில் உதிர்ந்துபோய், துணி கருகிப் புகைந்துகொண்டே பின்னால் தொங்கியது.

டீக்கடையில் நின்ற ஒருவர் நிதானமாகக் கேட்டார். "என்ன அண்ணாச்சி, வண்டிக்குக் காலு முறிஞ்சு போச்சா?"

வந்ததற்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலையில் மணப்பெண்ணே கூப்பிட்டு அனுப்பினாள். ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் இன்ஜினீயர் அவள். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவாள். ஆனால் நலங்கு வைத்த பிறகு பெண் வாசற்படி தாண்டக் கூடாது. கை நிறைய மருதாணி வேறு. அதனால் இரவெல்லாம் நின்று ஆறிப்போன காரை, ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டதால், அவள் வீட்டு வாசலுக்கு நானும் என் சிநேகிதரான மெக்கானிக் பாயும் தள்ளிக்கொண்டு போனோம். மாவுக்கட்டுக் கதை பாய்க்கும் எட்டியிருந்தது. மனிதர் சிரிப்பை அடக்க முயற்சிகூடச் செய்யவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க மாமா" என்று படிக்கு உள்ளே நின்று கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். "ஆறின வண்டியிலதான் சத்தம் சாஸ்தி. சூடாக ஆகக் கொறையுது பாருங்க. இரும்பு விரிஞ்சு இடுக்கை அடைக்குது. பின்னாடி இல்ல மாமா, இன்ஜின் பக்கந்தான் எங்கயோ ஒழுகுது."

வண்டியை ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தோம். பின்குழாயை நனைத்த துணியால் நான் செத்த நேரம் அடைத்துப் பிடிக்க, பாய் இன்ஜின் பக்கம் சோப்புத் தண்ணீர் அடித்தார். போக்கிடம் இல்லாத புகை, இன்ஜினோடு குழாய் சேரும் இடத்தில் நுரையைக் கிளப்பிவிட்டது. அங்கே இடைவெளி இல்லாமல் இருக்க நடுவில் வைக்கிற கேஸ்கட் ஓரத்தில் கருகியிருந்தது. ஒரு நட்டைக் காணவே காணோம். மத்தியானத்துக்குள் பாய் புது கேஸ்கட் வைத்து, நட்டுப் போட்டு முறுக்கி முடித்தார்.

அக்கா வந்து பானெட்டில் காது வைக்காத குறையாகக் கேட்டாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "சரி, ஏத்திக்க" என்றாள். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல எனக்குச் சந்தோஷம்.

சாயங்காலம் கூரையை மடக்கிவிட்டு, பட்டும் பூவுமாக அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன். பின்னால் உறவுக்காரர்களோடு அக்காவின் வேன். ஊரைத் தாண்டியதும், சத்தமில்லாமல் இது எம்புட்டு வேகம் போகும் என்று எல்லாருக்கும் காட்ட ஆசை வந்தது. மிதித்தேன்.

"மாமா, செத்த மெதுவாப் போங்களேன்."

"பூ கலையுதா?"

"இல்ல. வில்லிபுத்தூர் இம்புட்டு சீக்கிரம் வந்துருதே."

திரும்பிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. காலை எடுத்துவிட்டேன். ஒரு டவுன் பஸ் எங்களை முந்தியது. பிறகு ஒரு மொபெட் முந்தியது. கடைசியில் வேனும் பக்கத்தில் வந்தது. அக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"என்னலே, மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

வண்டி புதுசு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாக்கா" என்றேன். "நீங்கல்லாம் முன்ன போங்க. நாங்க பொறவு வாரோம்."