பத்து விரலுக்குப் பத்துப் பேர்

இறால் உரிக்கும் கூடத்தில் அவளைப் பதிவக்கா என்பார்கள். எட்டு வருஷம் அதே கூடத்தில் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு இறால் உரித்தவள்தான். மகள் பிறந்த பன்னிரண்டாம் நாளே பச்சை உடம்போடு திரும்பி வந்து மேஜையருகே நின்றவள். அப்புறம் வெளிநாட்டு உதவியில் தொழிலாளர் காப்புத் திட்டம் ஒன்று வந்தது. பெண்களைப் பதிவு செய்ய, நாலெழுத்துப் படித்த, நாலு பேருக்குப் பழக்கமான ஆள் தேவைப்பட்டது. கழுத்தில் அட்டை, கையில் விரல் ரேகை மெஷின். அட்டை வந்த புதிதில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

திட்டம் நல்ல திட்டம். அடிபட்டால் வைத்தியச் செலவு. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சம்பளத்தோடு ஓய்வு. விரலை வைத்தால் போதும். ஆனால் வருஷக்கணக்கில் ஐஸிலும் இறால் ஓட்டிலும் தேய்ந்த விரலில் ரேகைக்கு எங்கே போவது? அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் கையெழுத்தோடு தனிப் படிவம் உண்டு. பதிவின் கடைசி நாள் சாயங்காலம், பத்துப் பேர் ஈரக் கையைத் துடைத்துத் துடைத்து வைத்தும் மெஷின் மசியவில்லை. டாக்டரைப் பிடிக்க நேரமில்லை. பதிவக்கா உரிப்பதை விட்டு ஒன்றரை வருஷமாகியிருந்தது. அவள் விரல்களில் ரேகை திரும்ப வந்திருந்தது.

பத்துப் பேரையும் அனுப்பிவிட்டுத் தன் விரலை வைத்தாள். வலது கட்டைவிரல் ஒருத்திக்கு, ஆள்காட்டி விரல் இன்னொருத்திக்கு என்று இடது சுண்டுவிரல் வரைக்கும். பத்துக்கும் பச்சை விளக்கு எரிந்தது. பதினோராவதாக ஒருத்தி இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள், மகராசி.

இடது மோதிர விரல் நெட்டச்சிக்கு விழுந்தது. ஆள் குள்ளம்; காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றால்தான் மேஜை எட்டும். அதனால்தான் அந்தப் பெயர். வயிற்றில் ஏழு மாதம் ஆனதும் ஓய்வு கேட்டு வந்தாள். ஓய்வு தொடங்க அவளே திட்ட அலுவலகத்துக்கு வந்து விரல் வைக்க வேண்டும்.

“சர்வர் வேலை செய்யல. அடுத்த வாரம் வா,” என்றாள் பதிவக்கா. வாயிலிருந்து அது எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த வாரமும் சர்வர். அதற்கடுத்த வாரமும் சர்வர்.

“அதுக்கென்னக்கா, மெஷின்னா அப்படித்தான்,” என்று சிரித்துவிட்டு நெட்டச்சி போய்ப் பெட்டியில் ஏறுவாள். வீங்கிய கால் செருப்புக்குள் அடங்காது. பதிவக்கா தலையைக் குனிந்துகொண்டு மெஷினைத் துடைப்பாள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், அந்தக் காலைப் பார்க்கும்போது வரும் குற்ற உணர்ச்சி மறுபக்கம். ஒவ்வொரு வாரமும் பயமே ஜெயித்தது.

நாலாவது வாரம் நெட்டச்சி பெட்டியிலிருந்து வழுக்கினாள். பக்கத்தில் நின்றவள் பிடித்ததால் தப்பித்தாள். அன்றைக்கே பதிவக்கா திட்ட அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் கதவைச் சாத்தினார். “ஏம்மா, உனக்குப் புத்தி இருக்கா? அடுத்த மாசம் உதவி கொடுக்கிறவங்க நேர்ல வர்றாங்க. நூத்துக்கு நூறு பதிவு பண்ணினது நம்ம கூடம் ஒண்ணுதான். அவளுக்கு விரல் வைக்கணும்னா நீயே கமுக்கமா வந்து வச்சிட்டுப் போ. யாருக்கு என்ன நஷ்டம்?”

ஒரு நிமிஷம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு, ஆனாலும் இருந்தது. பிறகு, நாளைக்குத் தனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பத்துப் பேரின் கதி என்ன என்று யோசித்தாள்.

“வேணாம் சார். பத்து பேருக்கும் டாக்டர் படிவம் போடுங்க.” பத்துப் பெயரையும், எதிரே எந்த விரல் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

நேரே கூடத்துக்குப் போய் நெட்டச்சியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். படிவம் முடிய இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்பதையும் சொல்லி அழுதாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள்.

நெட்டச்சி புறங்கையில் ஒட்டியிருந்த ஓட்டைச் சுரண்டிக்கொண்டே கடைசிவரை கேட்டு முடித்தாள்.

“விரல் வச்சது எங்களுக்காகக்கா. அதுக்கு உன்னக் குத்தம் சொல்ல மாட்டேன்,” என்றாள். “சர்வர் சர்வர்னு நாலு வாரம் என்னை நிக்க வச்சியே, அது யாருக்காகக்கா?”

பதிவக்காவுக்குப் பதில் தெரியும். நெட்டச்சியின் பங்கு இறாலைத் தன் பக்கம் இழுத்து, ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டாள்.