பச்சை இல்லாத பதினான்கு நாட்கள்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், லண்டனில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியின் பின்புறமிருந்த கண்ணாடிக் கூடத்தில் கிழமைக்கு மூன்று நாள் வேலை செய்தேன். தொட்டி கழுவுவது, மண் நிரப்புவது, தண்ணீர் விடுவது. அங்கே கோதுமையில் ஆய்வு செய்தவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு மாணவி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அக்கா என்றே அழைத்தேன்.

அக்காவின் கோதுமைக்கு வேண்டுமென்றே நோய் கொடுக்கப்பட்டது. இலையில் மஞ்சள் கோடுகளை வரவழைக்கும் ஒரு வைரஸ் அது. அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு வெள்ளைச் சிலந்திப்பேன். எந்த வகைக் கோதுமை அந்த நோயைத் தாங்கும் என்பதே அவருடைய கேள்வி.

"மருந்தடிச்சாப் போகாதோ அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க அடிப்ப? இலையைச் சுருட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கும். வைரஸுக்கு மருந்தே கிடையாது. பேனைப் பட்டினி போடணும். தின்னப் பச்சை இல்லேன்னா சில நாள்ல செத்துடும். அதான் ஒரு சோதனைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பதினாலு நாள் அறை காலியா கிடக்கணும். வயல்லயும் இதேதான். சிந்தின மணி தானா முளைச்சு நின்னா, அது வழியா நோய் புதுப் பயிருக்கு வந்துடும்." பிறகு சிரித்தார். "உனக்கெதுக்கு இதெல்லாம்? பரீட்சைல கேக்கவா போறாங்க?"

அந்தத் தை மாதம் அண்ணைக்குக் கலியாணம். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்கலுக்கு நல்ல நாள் இரண்டு கிழமை முன்னரே வந்துவிட்டது. அன்று நவதானியத்தைச் சட்டிகளில் விதைத்து முளைக்கவிடுவது எங்கள் வழக்கம். அந்தப் பாலிகை கலியாணத்தன்று மணவறைக்குப் போக வேண்டும். தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேலிருந்த எங்கள் வீட்டு ஜன்னல்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்திருந்தன. மூன்றாம் நாள் முளைகள் வெளிறி, நூல்போலச் சாய்ந்து கிடந்தன.

"இதைக் கண்டாச் சனம் என்ன கதைக்கும்?" என்றார் அம்மா.

"சனம் ரோல்ஸ் தின்னத்தான் வருகுது, முளை பார்க்க வரேல்லை" என்றார் அண்ணை.

"நீ பேசாமலிரு. மாப்பிள்ளைக்கு இப்பவே வாய் கூடிப்போச்சு."

அப்போது அக்காவின் கடைசிச் சோதனைக்கு முந்திய இடைவெளி தொடங்கி ஒருநாள் ஆகியிருந்தது. அவர் நூலகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அறையைக் கூட்டுவதும், எதுவும் முளைக்காமல் பார்ப்பதும் என் பொறுப்பு, கதவின் திறப்பும் என்னிடம். மூன்று சட்டிகளையும் அட்டைப்பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுபோய், அந்த அறையில் விளக்கின் கீழ் வைத்தேன். விதியை மறந்தேன் என்று சொல்ல முடியாது. நோயுற்ற செடிகளை அகற்றி, நோய் பரவாதபடி நீராவியில் அவித்தாயிற்று, காலி அறையில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணினேன். சட்டிகளில் இருந்த ஒன்பதில் ஒன்று கோதுமை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் பாலிகையைப் பயிராக நான் நினைக்கவில்லை.

பதினொரு நாள் கழித்து, கலியாணத்துக்கு முதல்நாள், அவற்றை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அம்மா மகிழ்ந்தார். பிறகு குனிந்து பார்த்தார்.

"கோதுமை மட்டும் ஏன் சுருண்டு நிக்குது?"

"வெளிச்சம் கூடிப்போச்சு அம்மா."

கலியாணம் நடந்த நோர்பரி மண்டபத்துக்கு அக்காவும் வந்திருந்தார். மணவறையைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ பச்சையா வந்திருக்கு! இந்தக் குளிர்ல எங்க வெச்சு வளர்த்தீங்கம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"இவதான் வளர்த்தவ. எங்கை வைச்சவ எண்டு எனக்கே சொல்லேல்லை."

"ஹரோவிலை ஒரு சிநேகிதியின்ரை வீட்டு ஜன்னலிலை" என்றேன். அவ்வளவு எளிதாக வந்தது.

மறுநாள் புதிய நாற்றுகள் அறைக்கு வந்தன. மூன்றாம் கிழமை, அக்கா இன்னும் நோய் கொடுக்காத செடிகளிலேயே மஞ்சள் கோடுகள் தெரிந்தன, இலையோரங்கள் சுருண்டிருந்தன. பாலிகையில் நான் பார்த்த அதே சுருள். எல்லாவற்றையும் பைகளில் கட்டி அவிக்க வேண்டியதாயிற்று. அக்காவுக்கு லண்டனில் இருக்க அனுமதி அந்தக் கோடையோடு முடிந்தது. மீண்டும் விதைக்க நாளில்லை.

அவர் என்னை நேரே பார்த்துக் கேட்டார். "அந்தப் பதினாலு நாள்ல உள்ள ஏதாவது முளைச்சுதா? ஒரு புல்லு, ஒரு பாசி?"

ஹரோ ஜன்னலை எப்படித் திரும்பப் பெறுவது என்று எனக்குத் தெரியவில்லை. "இல்லை அக்கா. ஒண்டும் முளைக்கேல்லை."

"சும்மாதான் கேட்டேன். என் கட்டுரைல ஒரு கமாவைக்கூட விடமாட்டே நீ, புல்லையா விடப்போறே?"

முனைவர் பட்டத்துக்கு எழுதத் தொடங்கிய ஆய்வு அதற்குக் கீழான பட்டத்துக்குரியதாகச் சுருங்கியது. அதன் ஆங்கிலத்தைச் சரிபார்க்க என்னிடமே தந்தார். கடைசி அதிகாரத்தில், எதுவும் வளராத அறையிலும் சிலந்திப்பேன் பதினான்கு நாளைத் தாண்டிப் பிழைத்தது, ஆகவே அந்த இடைவெளி போதாது என்று எழுதியிருந்தார். நான் சொன்னதை நம்பியவருக்கு வேறு முடிவு கிடைத்திருக்க முடியாது. அந்தப் பக்கத்தை நெடுநேரம் வைத்திருந்தேன். ஒரு சொல்லை மாற்றினேன், ஒரு கமாவை நகர்த்தினேன். வாக்கியத்தைத் தொடவில்லை.

விமான நிலையத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அப்போதும் சொல்லியிருக்கலாம். பட்டம் திரும்பி வந்திராது. தவறு தன்னுடையதல்ல என்றாவது அவர் அறிந்து போயிருப்பார்.

அடுத்த ஆண்டு அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஊரில் ஒரு கோதுமை ஆய்வுக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. "இங்க எல்லாரும் பதினாலு நாள்தான் விடுறாங்க. நான் சண்டை போட்டு இருபத்தெட்டு ஆக்கிட்டேன். எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டே காத்திருக்காங்க" என்று எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருந்தார்.

அன்றே பதில் எழுதினேன். அண்ணைக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதையும், அம்மா அவரை அடிக்கடி விசாரிப்பதையும் எழுதினேன். அனுப்புமுன் பிழைகள் இருக்கின்றனவா என்று இருமுறை பார்த்தேன். காலி அறையில் பதினொரு நாள் இருந்த மூன்று சட்டிகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அங்கே அவர்கள் இன்னமும் இருபத்தெட்டு நாள் காத்திருக்கிறார்கள்.